பதினொன்று புள்ளி நான்கு

வைகாசி பிறக்க ஒன்பது நாள்.
காவேரிப்பட்டணம் தாண்டி மாங்கூழ் ஆலையில்
கொதிகலன் குளிர்ந்து கிடக்கிறது.
போன பருவத்தில் எரித்த கொட்டைகளின் இனிப்பு
கரியோடு ஒட்டி இன்னும் நாறுகிறது.

புகைக்கூண்டின் உச்சியில் சென்றாயன்.
அவன் விடும் கேபிள் நுனியில்
சுண்டைக்காய்ப் பருமனில் ஒரு கண்,
சுற்றிலும் ஆறு வெள்ளை விளக்கு.
கீழே நான் சாக்கு விரித்து,
கைத்திரையில் வெயில் விழாதிருக்கத்
துண்டை முக்காடிட்டு.

‘விடு. விடு. நிறுத்து.’

பதினான்கு வருஷம் நான் இறங்கிய இருட்டு.
ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை.
கண்ணை இறுக மூடித்தான் சுரண்டினேன்.
முழங்கையும் முதுகும் சொன்னதே சுவர்.

இப்போது பார்க்கிறேன்:
உடும்புத் தோலாய்ச் செதில் செதிலாகக் கரி,
காலியான ஒரு குளவிக்கூடு,
ஏழாவது மீட்டரில் செங்கல் விளிம்பில் செருகி
சுரண்டி ஒன்றின் கைப்பிடி.
என்னுடையதுதான்.
அதற்குக் கூலியில் எழுபது ரூபாய் பிடித்தார்கள்.

பதினொன்று புள்ளி நான்கில்
சுவர் வாய் பிளந்திருக்கிறது, விரல் நுழையும் அகலம்.
விளக்கை அணைத்தேன்.
கோடு அணையவில்லை.
அது வெளியே அடிக்கிற வெயில்.
அந்தப் பக்கம்தான் பழம் அறுக்கும் கொட்டகை.
நாற்பது பெண்கள் உட்காருவார்கள்,
திம்மக்காவும் அவள் மருமகளும் சேர்த்து.

மேலாளர் குனிந்தார்.
‘கரிக்கோடுப்பா அது.’
‘வெளிச்சம் சார்.’
‘அடுத்த வாரம் பெங்களூரா லோடு இறங்குது.
அந்த இடத்த மட்டும் வெட்டிட்டு ஆபீசுக்கு அனுப்பு.’

முன்பெல்லாம் கதவு வழியே தவழ்ந்து வந்து
கரி துப்பிவிட்டுச் சொல்வேன், விரிசல் இருக்கு என்று.
கும்மிருட்டுல உனக்கு என்ன தெரிஞ்சுது என்பார்கள்.
நியாயமான கேள்வி.
பதில் இல்லாமல் கை கழுவப் போவேன்.
வேப்பெண்ணெய் போட்டாலும் நகக்கண்ணில் நிற்கும்.

‘அண்ணே, இன்னும் விடவா?’
மேலிருந்து சென்றாயன்.

‘வேணாம். அங்கேயே புடி. ஆட்டாத.’

மேலாளர் இன்னும் பேசுகிறார்,
முதலாளி பேரைச் சொல்லி,
போன வருஷ பாக்கியைச் சொல்லி.
திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி
விட்டு விட்டு எரிகிறது.

இதில் மைக் உண்டா என்று
இன்றுவரை நான் யோசித்ததில்லை.