முதல் செட்டுக்கு எந்தப் பக்கம்

நடுவர் காசைச் சுண்டினார்.
எங்களுக்குத்தான் விழுந்தது.
"சைடா, சர்வீஸா?"
பழக்க தோஷத்தில் நான்
வேலியோரம் திரும்பிப் பார்த்துவிட்டேன், அண்ணாச்சி.
நீர் உட்காரும் லாரி டயர் மட்டும் கிடந்தது,
உள்வாயில் சாரல் தண்ணி தேங்கி.

பணகுடியில் ஆனி மாசம் வாலிபால் ஆடுகிறவனுக்கு
எதிரே நிற்பது ஆறு பேர் இல்லை.
ஏழாவதாக ஆரல்வாய்மொழிக் கணவாயும் நிற்கும்.
இந்த ஊர்க் கிளப்புக்குத் 'தென்றல்' என்று பேர் வைத்தவன்
நிச்சயமாக வெளியூர்க்காரன்.
நிலம் கிடைத்த வாக்கில்
கிழக்கு மேற்காகக் கோடு கிழித்ததும்
அவனாகத்தான் இருக்கும்.

மேல்காத்து என்பது காற்றாடி றெக்கையைப் பார்த்தாலே
கைப்பிள்ளைக்கும் தெரியும்.
ஏழு மணிக்கு மேல் ஏறுமா, மூச்சு வாங்குமா,
அது உமக்குத்தான் தெரியும்.
கிரீஸ் படிந்த துண்டைத்
தலைக்கு மேல் ஒருதரம் பிடித்து விடுவீர்.
அது சுருளும் தினுசைப் பார்த்துவிட்டு ஒரு விரல்
கிழக்கே, அல்லது மேற்கே.
பெரும்பாலும் கிழக்கே.
"எதிர்க்காத்துல ஆடுங்கலே.
பின்காத்து ஒன்னப் பெரிய ஆளும்பான்.
சொல்லிக்கிட்டே
பந்தக் கோட்டுக்கு வெளிய கொண்டு போட்டுருவான்."

முப்பத்தொரு வருஷம்
போட்டிக்கு அனுப்பும் பட்டியலில்
பன்னிரண்டாவதாக வியாகப்பன்.
உம்ம கையெழுத்திலேயே உம்ம பேர்.
ஒரே ஒரு தடவை இறங்கினீர், களக்காட்டில்,
ரெண்டு பேருக்குக் கணுக்கால் பிசகின அன்று.
போட்ட சர்வீஸ் வலைக்கு அடியில் போயிற்று.
"வலைய ஒசரமாக் கட்டிட்டானுவ" என்று
சாகிற வரைக்கும் சொன்னீர்.

இரங்கல் கூட்டத்தில் உம்மை மகான் ஆக்கிவிட்டார்கள்.
எனக்குக் கூச்சமாக இருந்தது.
வள்ளியூர்க்காரன் நம்பி வந்து காத்து கேட்டபோது
துண்டைத் தூக்கிக் காட்டிப் பொய் சொன்னவர் நீர்.
அரை இஞ்சு வெளியே விழுந்த பந்துக்கு
மாதா மேல் சத்தியம் செய்துவிட்டு
அடுத்த ஞாயிறு பூசைக்கு வராமல்
கம்ப்ரசருக்குப் பின்னால் ஒளிந்தவர்.
அதே ஆள்தான்,
நம்ம பையன் விரல் வலையில் உரசி
நடுவர் கவனிக்காமல் விட்டால்
"ஏல, கையத் தூக்குலே" என்று
ரோட்டுக்குக் கேட்கக் கத்துவீர்.
அப்படி நாம் தோற்ற ஆட்டங்கள் நாலு.
இந்த ரெண்டு பேரும்
ஒரே சட்டைக்குள் எப்படி இருந்தார்கள் என்பதை
மேடையில் யாரும் சொல்லவில்லை.

நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறொன்று.
பந்தைத் தொட்டித் தண்ணீரில் முக்கிவிட்டு
காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பீரே,
ரோட்டில் லாரிக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க.
ஒரு குமிழ் வரும்.
"ந்தா இருக்கான்" என்பீர்,
தொலைந்த ஆளைக் கண்ட மாதிரி.

"தம்பி, சைடா சர்வீஸா?"
சைடு என்றேன்.
எந்தப் பக்கம் என்றார்.
மேற்கு என்று வாயில் வந்துவிட்டது.

பின்காத்து என்னைப் பெரிய ஆள் என்றது.
பதின்மூன்றுக்கு இருபத்தைந்து.

பக்கம் மாறும்போது மதினி வந்திருந்தார்,
கையில் பாண்டி பஜார் மஞ்சப்பையோடு.
ஏதோ தரத்தான் வந்திருக்கிறார் என்று
எல்லோரும் எழுந்து நின்றோம்.
"அந்த டயரு கடைச் சரக்குல்லா.
நாங்குநேரிக்காரனுக்குப் பேசியாச்சு.
திங்கக்கிழமை ஆள் வருவான், குடுத்துருங்க.
தண்ணியக் கவுத்து வையுங்க, கொசு வரும்."

ரெண்டாவது செட்டு முடிந்து, மூன்றாவதும் முடிந்து,
அதை நான் எழுத வேண்டியதில்லை,
பையன்கள் பைக்கில் ஏறிப் போன பிறகு
கவிழ்க்கத்தான் போனேன்.
டியூப்லைட் வெளிச்சத்தில்
அந்தக் கைப்பிடித் தண்ணி மேல்
காத்து ஓடுவது தெரிந்தது.
ஓடும், நிற்கும், மறுபடி ஓடும்.
துண்டில் நீர் பார்த்தது இதைத்தான் போல.
குத்தவைத்து வெகுநேரம் பார்த்தேன்.
ஏறுகிறதா அடங்குகிறதா என்று
பிடிபடவில்லை எனக்கு.

திங்கள்கிழமைக்கு
இன்னும் ஒரு நாள் இருக்கிறது.
கொசு வந்தால் வரட்டும்.