ஆறாவது ஈயம்

லவுத் சந்தைக்குப் பின்னால், மழை ஒழுகும் நீளக் கொட்டகையில்
தக்ரே அதைத் துணியோடு மேசைமேல் வைத்தார்.
புல்பப் காற்றுத் துப்பாக்கி. வால்நட் கட்டை. தொள்ளாயிரம் பவுண்டு.
"வரிகளைப் பாருங்கள், வரிகளை!"
நான் திருகாணிகளைப் பார்த்தேன்.

பகலெல்லாம் கியர்பெட்டித் தொழிற்சாலையில்
ஒரு மைக்ரான் கூடினாலும் சிவப்புச் சீட்டு ஒட்டுகிறவன்.
அழகு என் கண்ணில் கடைசியாகத்தான் விழும்.

நான்கில் ஒன்றின் அறுகோணம் மழுங்கியிருந்தது,
பொருந்தாத சாவியால் யாரோ, அவசரத்தில்.
மற்ற மூன்றும் தொடப்படாதவை.
அந்த ஒன்றின் அடியில் மட்டும் என்ன தேடினார்கள்?

விசை முன்னால், வேலையெல்லாம் காதுக்குப் பின்னால்.
நடுவே தூது போகிறது ஒரு நீளக் கம்பி.
மெல்ல இழுத்தேன்.
கம்பி சற்றே யோசித்தது,
பிறகுதான் சேதி சேர்ந்தது.
குட்டையாய்ச் செய்ததற்கு
இங்கேதான் வரி கட்டுகிறோம்.

கன்னம் வைத்த இடத்தில் உலோகம் சில்லிட்டது.
வால்நட் அவ்வளவு தூரம் வரவில்லை.

முப்பது கஜத்தில் ஐந்து ஈயம்.
ஐந்து பென்ஸ் காசால் மூடிவிடலாம் அந்த ஓட்டையை.
தக்ரே சிரித்தார். நான் ஆறாவதைப் போட்டேன்.
இரண்டு விரற்கடை இடப்பக்கம்.

"காற்று," என்றார்.
கொட்டகைக்குள்.

"உங்கள் தொழிற்சாலையில் இது தேறுமா?"
"தேறாது."
"அப்படியானால் வேண்டாமா?"
"அறுநூற்று இருபது."

மழையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
நோட்டுகளை இருமுறை எண்ணி முடித்ததும்
மேசை இழுப்பறையிலிருந்து இனாமாக ஒரு சாவி.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன்.
பொருந்தவில்லை.