மூன்று விரற்கடை உள்ளே

ஃபெல்த்ரே செவ்வாய்ச் சந்தையில்
என் விரிப்பில் அன்று பதினொரு கோடாலிகள்.
எல்லாவற்றுக்கும் அடுப்புக்கரியும் எண்ணெயும் பூசியிருந்தேன்,
ஒப்புக்கொள்கிறேன்.
கறுப்பாய் இருந்தால் கையால் அடித்தது என்பார்கள்
மிலானோவிலிருந்து வருகிறவர்கள்.
சுவரில் மாட்டுவார்கள். அலகைத் தொடமாட்டார்கள்.

இவள் தொட்டாள்.
கம்பளிச் சட்டைப்பையிலிருந்து வெர்னியர் எடுத்தாள்.
வெர்னியர் எடுக்கிற வாடிக்கையாளரை
எனக்குப் பிடிக்காது.
எதிர்க்கடை பாலாடைக்கட்டி லோரிஸ்
அப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

"கலாப்ரியாவில் அடித்தது" என்றேன் முதலாவதை.
முனையிலிருந்து மூன்று விரற்கடை உள்ளே
வெர்னியரின் உதடுகளை மூடினாள்.
"பதினொரு மில்லிமீட்டர்.
கலாப்ரியா அலகு இவ்வளவு சோறு தின்னாது.
இது விறகு பிளக்கும். மரம் வெட்டாது."
காம்பில்லாத அடுத்ததைக்
கண்ணில் விரல்விட்டுத் தொங்கவைத்துச் சுண்டினாள்.
இருமியது.
மூன்றாவதன் முனையில் வினிகர்த் துணியை ஒற்றி
எச்சில் விழுங்கும் நேரம் காத்திருந்தாள்:
எஃகு கறுக்கவேண்டிய இடத்தில்
வெறும் தேனிரும்புச் சாம்பல்.
"எஃகையெல்லாம் தீட்டியே தின்றுவிட்டார்கள்."
இரும்பு விலைக்குத் தருவீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.
அதுதான் வலித்தது.

ஒன்பதாவது, நானே வெட்கப்பட்டுப்
பெட்டிக்கடியில் தள்ளியது.
ப்ரிமியேரோ பக்கம் யாரோ வைக்கோல் கொட்டகை காலிசெய்தபோது
சாக்கோடு வந்தது.
அதன் கண் கோணல்.
காம்பு சொருகினால் அது வேறெங்கோ பார்க்கும்,
ஊடல் கொண்டவள் முகம்போல.
நடுக்கோட்டுக்கு நூல் பிடித்தாள்.
இடக்கன்னம் ஐந்து, வலக்கன்னம் இரண்டரை.
வலப்புறம் பலகைபோலத் தட்டை.

முந்திக்கொண்டேன்:
"எவனோ மடையன் கல்லில் போட்டிருக்கிறான், சிஞ்ஞோரா.
அறுபது எழுதியிருக்கிறேன். நாற்பது கொடுங்கள்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. துணியை ஒற்றினாள்.
முனையோரம் கட்டைவிரல் அகலத்துக்கு
கருநீல எஃகு மெல்ல எழுந்தது,
மலைக்கு அந்தப்பக்கம் மழை இருட்டுவதுபோல.
அந்த மாதிரி எஃகைப் பார்த்து
எனக்கு ஆறேழு வருஷம் இருக்கும்.
நாற்பது என்ற வாயை நான் எங்கே கொண்டுபோய் வைக்க?
லோரிஸ் கேட்டுக்கொண்டிருந்தான்.
சொன்ன விலை சொன்னதுதான்.
போகட்டும், கோணல்தானே என்று
என்னையே தேற்றிக்கொண்டேன்.

"அகோர்தோவில் கூரை போடுகிறோம்" என்றாள் சாக்கில் சுற்றியபடி.
"லார்ச் உத்தரங்கள். சதுரமாகச் செதுக்குவது நான்.
எட்டு வாரமாக மற்றவர்களுடைய கோடாலி.
வெட்டுக்கு ஒருமுறை உத்தரம்
என் விரல்முட்டியைக் கேட்கிறது."
பணத்தை நீட்டினாள்.
நீட்டிய கையின் முட்டிகளில் வரிசையாகப் பிளாஸ்திரி.
இடக்கை.
வெர்னியர், நூல், துணி எல்லாம்
முதலிலிருந்தே அந்தக் கையில்தான் இருந்தன.
நான் அலகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோணலில்லை அது. கண்ணை அப்படித்தான் திருப்பியிருக்கிறார்கள்,
ஒரு இடக்கைக்கு,
உத்தரத்துக்கும் முட்டிக்கும் நடுவே
இரண்டு விரல் காற்று விட்டு.

அவள் போனதும், வேனுக்குப் பின்னால்,
மீதிப் பத்தையும் ஒவ்வொன்றாக
இடக்கையில் பிடித்துப் பார்த்தேன்.
கரி ஒட்டியது, அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய்க்குள்
இருமியதை இடுக்கிப்பட்டறையில் வைத்துக்
கண்ணைக் கொஞ்சம் வளைத்தேன்.
'இடதுகைக்காரர்களுக்கு' என்று அட்டையில் எழுதி
எண்பது போட்டேன்.

இன்னும் விற்கவில்லை.