வியாழனுக்குள்

மொஃபிஸ் வெள்ளிச் சந்தையில் வாங்கி வந்தான்,
ஒன்று இருநூற்றைம்பது ஃபில்ஸ்.
ரோஸ், பச்சை, கத்தரிப்பூ என்று
சாயத்தில் முக்கிய மூன்று குஞ்சுகள்.
மினா அப்துல்லா வரைக்கும் பஸ்ஸில்
அவன் சட்டைப் பையிலேயே தூங்கின.
பையில் பிடித்த ரோஸ் கறை
எத்தனை சோப்புக்கும் போகவில்லை.

சிறகு முளைக்க முளைக்கச் சாயம் உதிர்ந்து
மூன்றும் ஒரே வெள்ளை.
ஏசி வந்த மரப்பெட்டியை உடைத்து
கேபினுக்குப் பின்னால் கூண்டு அடித்தேன்.
சாரம் கட்டுகிறவன் கை, கோணாது.
அந்த ஏசி சொட்டும் தண்ணீர்தான் குடிக்க.
ஐம்பது டிகிரியில் அலகு பிளந்து அவை நின்றபோது
ஈரச் சாக்கு போட்டோம், ஆள் மாற்றி ஆள்.

பேர் வைத்தது சிக்கந்தர்.
பெட்டைகள் பதினெட்டு, இருபது:
ஒன்று கம்பெனி விசா, ஒன்று வீட்டு விசா.
சேவல், முதீர். வேலை செய்யாது, கத்தும்.
இருபது முட்டையிடத் தொடங்கியதும்
இன்று யார் முறை என்று
கதவில் பட்டியல் ஒட்டினோம்.

முதீர் கத்தியதுதான் வினை.
கேம்ப் பாஸ் வந்து கூண்டைக் காலால் தட்டி
"வியாழனுக்குள் காலி" என்றான்.
கோழியையா எங்களையா என்று
ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை.

அன்றிரவு ஆறு பேரும் கட்டில்களில் உட்கார்ந்தோம்.
"தின்னத்தானே வளர்த்தது?" என்றார் தவசியண்ணன்.
அப்படிச் சொல்லி யாரும் வளர்க்கவில்லை.
வேறெதுவும் சொல்லியும் வளர்க்கவில்லை.
விற்கலாம் என்றான் சகாயம்.
வாங்குகிறவன் என்ன செய்வான் என்றதற்கு
அது அவன் பாடு என்றான்.
திறந்துவிடலாம் என்றும் பேச்சு வந்தது.
வேலிக்கு அப்பால் மணல், பூனைகள், ஆறு வழிச் சாலை.

பேச்சுக்கு நடுவே குக்கர் விசில் அடித்தது.
உள்ளே பிரேசில் கோழி.
பதினோரு வருஷம், வாரம் மூன்று,
கணக்குப் போட ஆரம்பித்து விட்டுவிட்டேன்.
ஒன்றின் தலையைக்கூடக் கண்டதில்லை.

பவளத்துக்குப் போன் போட்டேன். சிரித்தாள்.
"உங்க தம்பி வந்தப்ப ரெண்டை அடிச்சேன்,
காலையில தவிடு வச்ச இதே கையால.
இதுக்கெல்லாம் கூட்டம் போட
உங்க ஊர்ல வேற வேலையே இல்லையா?"
உங்க ஊர் என்றாள்.
கேட்டுக்கொண்டேன், ஒன்றும் சொல்லவில்லை.

புதன் ராத்திரி முடிவு: சேவல் மட்டும்.
பெட்டைகள் காய்கறி லாரி ஏறி
வஃப்ரா தோட்டத்துக்குப் போகட்டும்.
போட்டோ அனுப்புகிறேன் என்றான் டிரைவர்.

நான்தான் பிடித்துக்கொண்டேன்.
பார்வைக்கு அவ்வளவு பெரிய உடம்பு,
சிறகுக்குள்ளே ஒரு கைப்பிடிச் சூடுதான்.
நிறுத்தாமல் விட்ட லாரிபோல
அதன் நெஞ்சு என் கட்டைவிரலில் அதிர்ந்தது.
மொஃபிஸ் கிப்லா பார்த்து நின்றான்.
பிஸ்மில்லா சொன்னான், குரல் எழவில்லை,
மறுபடி சொன்னான்.
கத்தியைக் கழுவி வைத்துவிட்டு
தயிரும் சோறும் தின்று படுத்துக்கொண்டான்.

பன்னிரண்டு விசில். அப்படியும் கறி இழுத்தது.
கூண்டு அடித்தவன் என்று
ஈரலை எனக்கு வைத்தார்கள்.
ருசியாக இருந்தது.
அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

போட்டோ வரவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.

நேற்று என் சமையல் முறை.
பக்காலாவில் ஆயிரத்து நூறு கிராம் எடுத்துவந்து
வாளித் தண்ணீரில் போட்டு
ஐஸ் விட்டதும் வயிற்றுக்குள் கை நுழைத்தேன்.
வழக்கம்போலச் சின்ன பிளாஸ்டிக் பை:
கழுத்து, இரைப்பை, ஈரல்.
இந்த ஈரல்
இந்தக் கோழியுடையதுதானா என்று
பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக யோசித்தேன்.
பக்கத்தில் மொஃபிஸ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.
அவனிடம் கேட்கவில்லை.