ஐந்தாவது விரல்

எர்மெலிந்தாவின் இடக்கையில் நான்கு விரல்கள்.
தகரத்தில் ஐந்து.
கூடுதலாக இருப்பதை வரைந்தவன் நான்,
மத்தோசின்யூஷ் துறைமுகத்தின் பின்தெருவில்,
கல்லச்சுக் கூடத்தின் மூன்றாவது மேசையில்,
ஐம்பத்தாறாம் வருடம், மழை விடாத ஒரு வாரத்தில்.

படகு வந்தால் ஆலைச் சங்கு ஊதும்.
நள்ளிரவோ, ஞாயிறு பூசை நேரமோ,
மத்திக்குக் கிழமை தெரியாது.
கூந்தலை அள்ளி முடிந்தபடியே பெண்கள் ஓடுவார்கள்.
தலை கிள்ளி, குடல் உருவி,
உப்புநீரில் முக்கி, ஆவியில் வேகவைத்து,
தலைமாடு கால்மாடாக அடுக்கி
எண்ணெய் ஊற்ற வேண்டும்.
மூடி அழுத்தும் எந்திரத்துக்கும் கிழமை தெரியாது.
ஒரு புதன்கிழமை அது
அவள் மோதிர விரலை எடுத்துக்கொண்டது.
அரைநாள் கூலி பிடித்தார்கள்,
வேலையைப் பாதியில் விட்டுப் போனதற்கு.

லிஸ்பனிலிருந்து ஓவியர் வந்தார்.
நாற்பது பேரை வரிசையில் நிற்கவைத்து
நடந்து பார்த்து, நின்று,
"இந்தக் கழுத்து" என்றார்.
கழுத்துக்கு மேலே கூடை,
கீழே கோடு போட்ட பாவாடை, வெறுங்கால்.
அவளிடம் மரச்செருப்பு இருந்தது.
கழற்றச் சொன்னார்.
இரண்டு மணி நேரம் நின்றதற்கு
இரண்டு டப்பா. நசுங்கியவை.

எங்கள் கூடத்துக்குப் படம் வந்தது.
நீலத்துக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று.
தோலுக்கென்று தனிக்கல் கிடையாது;
மஞ்சள்மேல் சிவப்பைப் புள்ளி புள்ளியாகத் தூவினால்
அதுதான் தோல்.
முதலாளி மாதிரித் தாளை விளக்கில் பிடித்தார்.
"விரல் ஒன்று குறைகிறதே. அச்சுப் பிழையா?"
அவள் கையே அப்படி, என்றேன்.
"டப்பாவைத் திறக்கிறவன்
உள்ளே மீன் மட்டும்தானா என்று யோசிக்கக் கூடாது.
வரைந்துவிடு."
வாசல்வரை போனவர் திரும்பினார்.
"மோதிரமும் போடு. வாங்குவது குடும்பப் பெண்கள்."

விரலுக்கு ஒரு மாதிரி வேண்டுமே.
மேசைமேல் என் இடக்கை சும்மா கிடந்தது.
எந்திரத்திலிருந்து கழன்ற பித்தளை வளையத்தை
அதில் மாட்டிக்கொண்டேன்.
கல்லில் இடம் வலமாகும்;
கண்ணாடியை நிமிர்த்தி அதில் பார்த்து வரைந்தேன்.
உற்றுப் பார்த்தால்
மற்ற விரல்களைவிட அது தடிப்பு.
யாரும் உற்றுப் பார்த்ததில்லை.
எல்லோரும் கழுத்தைப் பார்த்தார்கள்.

அங்கோலாப் போருக்குப் போன பையன்கள்
மூடியை வெட்டித் தலைமாட்டில் வைத்திருந்தார்களாம்.
மார்சேயிலிருந்து ஒரு மாலுமி ஆலை முகவரிக்கு எழுதினான்:
'கூடைக்காரிக்கு, அந்த மோதிரத்தை எப்போது கழற்றுவாய்?'
கணக்குப்பிள்ளை அதை உரக்கப் படித்தார்,
அவள் கத்தரியை நிறுத்தாமல் வால்களை நறுக்கிக்கொண்டே இருந்தாள்.
துறையில் எவனாவது, "கணவன் எங்கே, கடலிலா?" என்று கேட்டால்
"டப்பாவுக்குள்" என்பாள்.
அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.
நானும்தான். அது வேறு கதை.

ஆலையை மூடினார்கள். சங்கைக் கழற்றி விற்றார்கள்.
படத்தை மட்டும் யாரோ வாங்கினார்கள்.
இப்போது அவள் குடையில், சமையல் மேலங்கியில்,
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்தில்.
கடைவாசலில் ஆளுயரப் பலகை:
கூடை உண்டு, பாவாடை உண்டு, ஐந்து விரல் உண்டு,
முகத்துக்கு மட்டும் ஓட்டை.
ஜெர்மானியர், கொரியர், எல்லோரும் வரிசையில் நின்று
அவளாகிப் போனார்கள், ஆளுக்கு மூன்று யூரோ.

போன சனிக்கிழமை அவளும் வந்தாள்.
மூன்று யூரோவைச் சில்லறையாக எண்ணிக் கொடுத்தாள்.
வரிசையில் எனக்கு இரண்டு பேர் முன்னால்.
ஓட்டைக்குள் எண்பது வயது முகம்.
பிடிமானத்துக்கு இடக்கையை வெளியே நீட்டிப்
பலகையின் ஓரத்தைப் பற்றினாள்,
வரைந்த கைக்குப் பக்கத்திலேயே.

"அம்மா, கையை உள்ளே எடுங்கள், படம் கெடுகிறது"
என்றான் கேமராக்காரப் பையன்.
எடுக்கவில்லை.
குனிந்து இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.
"இந்தத் தடியன் யாருடையது?"
என்று பொதுவாகக் கேட்டாள்.

மழை இல்லை. குளிரும் இல்லை.
நான் இடக்கையைக் கோட்டுப் பைக்குள் விட்டேன்.