பன்னிரண்டாவது டேக்

ஜாவாவிலிருந்து நாற்பத்தோரு நாள்,
கப்பலின் அடித்தட்டில்
டின் பால் ஊட்டி வளர்த்த கருஞ்சிறுத்தை.
காதுக்குப் பின்னால் சொறிந்தால் கண் சொருகும்.

அதோடுதான் இப்போது
மல்லுக்கட்ட வேண்டும் ஆர்வில் டாக்கெட்,
கலிஃபோர்னியாவில், காகித மூங்கில் காட்டில்,
உதட்டில் சாயத்தோடு.

"பயம் போதவில்லை" என்றார் இயக்குநர்.
பதினோரு முறை கட்டிப் புரண்டாயிற்று.
பதினோரு முறையும்
அவர் மோவாயை நக்கிவிட்டது.

கூண்டுக்காரன் யூசேபியோ நான்.
என் கையில் கம்பு,
கம்பின் நுனியில் மின்சாரம்.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
தலையை மட்டும் அசைத்தார்.

பன்னிரண்டாவதில் எல்லாம் வந்தது.
உறுமல். பாய்ச்சல். தோளில் நாலு கோடு.
"கட்" சொன்ன பிறகும் எழவில்லை அவர்;
மண்ணில் கிடந்தபடியே
"மானிஸ், மானிஸ்" என்றார்,
துறைமுகத்தில் எவளோ ஒரு மீன்காரி
அதற்கு வைத்த பெயர்.

அது தானாகக் கூண்டுக்குள் போய்
எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்தது.
அப்புறம் யார் கையிலும் பால் குடிக்கவில்லை.

டல்சாவில் படம் பார்த்தவர்கள்
நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்களாம்.
சுவரொட்டியில் "வெறுங்கையால்!" என்று
சிவப்பு எழுத்து.

அன்றைக்கு எனக்கு
இரண்டு டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள்.
வாங்கிக்கொண்டேன்.