கேட்பாரற்றவை

தேர்தல் வந்தால் துப்பாக்கிகள் ஸ்டேஷனுக்கு வரும்,
எண்ணி முடித்ததும் வீட்டுக்குப் போகும்.
போகாமல் தங்கியவை பதினொன்று.
பள்ளத்தூர் நிலையத்தின் பின்னறையில்
சாராயக் கேன்களுக்கும் சங்கிலியில்லாத சைக்கிளுக்கும் நடுவே
சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றன.
நான் அங்கே ரைட்டர்.
அவற்றின் காலடியில்தான்
என் டிபன் கேரியரை வைப்பேன்.

ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அட்டை.
மெ.சு.அரு. என்றிருக்கும்.
அது வீட்டின் விலாசம், ஆளின் பெயரல்ல.
இரட்டைக் குழல். தோட்டா இல்லை.
ஒப்படைத்த வருடம்
நான் மூன்றாம் வகுப்பு.

கடிதம் போட்டேன், மூன்று முறை.
பினாங்குக்கு, ஈப்போவுக்கு,
அண்ணா நகர் அடுக்ககம் ஒன்றுக்கு.
எல்லாம் திரும்பின, ஒன்று தவிர.
அதற்குப் பதில் வந்தது:
'அப்பச்சி காலத்துச் சாமான். எங்களுக்கு வேண்டாம்.
நிலைக்கதவு வாங்குகிறவர்களிடம்
இதையும் கேட்டுப் பாருங்களேன்.'

கேட்காமலே வந்தார் காரைக்குடிக் கடைக்காரர்.
'குழல் நீங்களே வச்சுக்குங்க,
கட்டை மட்டும் போதும்,
விளக்குத் தண்டு பண்ணலாம்' என்றார்.
உத்தரவைக் காட்டினேன்:
குழலை மூன்றாக அறுக்கவும்.
விசையைத் தனியே நசுக்கவும்.
கட்டையை எரிக்கவும்.
'எரிக்கவா?' என்று இரண்டு தடவை கேட்டார்.

ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை.
ஆயுதப்படையிலிருந்து ஆர்மரர்,
தாசில்தார், இன்ஸ்பெக்டர்,
வீடியோ எடுக்க ஸ்டுடியோ பையன்,
காஸ் சிலிண்டரோடு அந்தோணிசாமி.
முந்தாநாள்தான் அவர்
மெ.சு.அரு. வீட்டு இரும்புத் தூண்களை அறுத்திருந்தார்.
'அந்த வீட்டுக்கு இன்னமும் பாக்கி இருந்துச்சா' என்று
கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

ஆர்மரர் ஒவ்வொன்றாய் மடக்கி
வெளிச்சத்தில் குழலுக்குள் பார்த்தார்.
ஏழாவதில் நிறுத்தினார்.
'உள்ளே குளவி கூடு கட்டியிருக்கு.'
கம்பியால் குத்தினார்.
செம்மண் உதிர்ந்து
தாசில்தார் செருப்பில் விழுந்தது.

பன்னிரண்டாவது நாட்டுத் துப்பாக்கி.
அதன் அட்டையில் விலாசம் இல்லை, குற்ற எண்.
கடலைக் கொல்லையில் பன்றி விரட்டிய சேவுகனுடையது.
உரிமம் தீர்ந்து நாலு மாதம்.
அபராதம் கட்டிவிட்டான். துப்பாக்கி பறிமுதல்.
புதுப்பிக்க அவன் கொடுத்த மனு
என் அலமாரியில்தான் கிடந்தது,
பிடித்தபோதும்.

காலையிலிருந்து கேட்டுக்கு வெளியே நின்றான்.
'இரும்பு வேண்டாம்மா. வார் மட்டும் குடுங்க.
மாட்டுக் கழுத்துல கெடந்த பட்டை.
மாட்டை வித்தேன்,
பட்டையைக் குடுக்கல.'

தாசில்தார் சுற்றறிக்கையைப் புரட்டினார்.
குழல் இருந்தது, குதிரை இருந்தது, கட்டை, விசை.
தோலைப் பற்றி ஒரு வரியில்லை.
'மகஜர்ல என்ன போட்டிருக்கு?'
அன்றிரவு கரண்ட் இல்லை,
எனக்குக் கை வலி.
துப்பாக்கி ஒன்று என்று எழுதி
முடித்திருந்தேன்.
'வார் எழுதலை சார்.'
'எழுதாத பொருள் நம்மகிட்ட இல்லையே'
என்று சொல்லிவிட்டு
டீ வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

கொக்கி துருப்பிடித்திருந்தது, நகம் உடைந்தது.
கேட்டின் மேலாகக் கொடுத்தேன்.
சேவுகன் ஒன்றும் சொல்லவில்லை.
மோந்து பார்த்தான்.
முழங்கையில் சுற்றிக்கொண்டு
கோட்டையூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

துண்டுகளை நிறுத்தோம், இருபத்தேழு கிலோ.
உருக்காலைக்குப் போகும்வரை
அரக்கு வைத்த இரண்டு சாக்குகள்.
கட்டைகள் எரிய நேரமாயிற்று.
நல்ல மரம்.
அந்த வாசனைக்கு
எதிர்வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

பதிவேட்டில் 'கேட்பாரற்றவை: பன்னிரண்டு' என்று
எழுதிவிட்டு
இரண்டை அடித்து ஒன்றாக்கினேன்.
அடித்தலுக்கு இன்ஸ்பெக்டர் கையெழுத்து வேண்டும்.
காரணம் கேட்பார்.

மதியம் பின்னறையில் சாப்பிட உட்கார்ந்தேன்.
ஜன்னல் வழியாக ஒரு குளவி வந்து
சுவரோரம், ஏழாவது நின்ற உயரத்தில்,
இங்கும் அங்கும் தேடியது.
கையால் விரட்டவில்லை.

சேவுகன் மனுவை இன்னும் முடித்து வைக்கவில்லை.